மேற்கிலிருந்து வந்த அர்த்தம்

என் சாளைக்குஞ்சே,

நானும் லிஜாவும் இங்கே மாதாவின் தயவில் சுகமாக இருக்கிறோம். நீ அங்கே சுகமா என்று கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லித்தந்தார்கள், அதற்குமேல் நான் படிக்கவில்லை, வேறு மாதிரி தொடங்கத் தெரியாது, அதனால் கேட்டுவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நீ பிறந்தபோது ஒரு சாளைமீன் அளவுக்குத்தான் இருந்தாய் என்று உன் அப்பா வைத்த பேர் இது. கல்யாணம் ஆனபிறகு இனி அப்படிக் கூப்பிடாதீங்க அம்மை, லிஜா சிரிக்கா என்றாய். அவள் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில்தான் எழுதுகிறேன், ஆசை தீரக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

இங்கே மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. கடல் ஏறி வந்து குருசடிப் படிவரை நனைக்கிறது, கடலுக்குக் கல் போட வருகிற லாரிகளால் முட்டம் ரோடு முழுக்கக் குழி. அடுக்களைக் கூரையில் ஒரு ஷீட் பெயர்ந்தது, உன் கூட்டாளி பெனிஷ் வந்து கம்பி கட்டித் தந்தான், அவன் வயிறு இன்னும் அப்படியேதான், ஒரு சட்டி மரச்சீனிக்கிழங்கையும் மீன்கறியையும் தீர்த்துவிட்டு இன்னும் உண்டுமா அம்மை என்று கேட்கிறான். எனக்குப் பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். லிஜா நாகர்கோவில் துணிக்கடைக்குத்தான் போகிறாள், நாள் முழுக்க நிற்கிற வேலை, கால் வீங்கி வருகிறாள், வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன். உன் சட்டைகளை மாதத்துக்கு ஒருமுறை பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடுவாள். போனமுறை எடுத்தபோது உன் நீலச்சட்டை மட்டும் நனைந்திருந்தது, மேலேயும் கீழேயும் இருந்த துணியெல்லாம் காய்ந்திருக்க அது மட்டும் பிழியலாம் போல. கூரை ஒழுகியிருக்கும் மக்கா என்றேன். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு மாமி என்றாள். கடற்கரை வீட்டில் எதில்தான் உப்பில்லை என்று சொல்லி நான் சட்டையைப் பிடுங்கிக் கொடியில் போட்டுவிட்டேன். சாயங்காலம் வரை வெயில் அடித்தும் அது காயவில்லை.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். லிஜாவின் அப்பா வந்திருந்தார். இராஜாக்கமங்கலம் துறையில் சிஜோ என்று ஒரு பையன், மனைவியை இழந்தவன், ஒரு பெண்குழந்தை, மஸ்கட்டில் டிரைவர், குடி கிடையாதாம். லிஜாவைக் கேட்கிறார்கள். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் குழந்தையின் போட்டோ அவள் போனில் இருக்கிறது, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஏழு வருடம் ஆனதால் சர்க்கார் உன்னை இல்லாதவன் என்று எழுதிவிட்டது, லிஜா கோர்ட்டுக்குப் போய் அந்தத் தாளை வாங்கிவந்தாள். கோவிலில் தாலி கட்ட அது போதாதாம். பெற்ற தாய் பிஷப் ஹவுஸுக்கு வந்து வேதபுத்தகத்தில் கைவைத்து, கடலுக்குப் போன நாள் முதல் என் மகனிடமிருந்து எந்தச் சேதியும் இல்லை, ஒரு சொல் கூட வரவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும் என்று பங்குச்சாமி சொன்னார். உன்னோடு வள்ளத்தில் போன மற்ற மூன்று பேர் வீட்டிலும் அன்றைக்கே காலிப்பெட்டி வைத்துப் பூசை செய்து கல்லறை கட்டிவிட்டார்கள். கரைக்கு வந்தது வள்ளத்தின் முன்பலகை மட்டும்தானே, பலகையை நான் பெறவில்லையே என்று மறித்து நின்றவள் நான் ஒருத்திதான். லிஜாவின் அப்பா முற்றத்தில் நின்றபடியே, ஓய் சம்பந்திக்காரி, ஒமக்கு மவன் போனான், எனக்கு மவ உயிரோட போயிட்டு இருக்கா, அது ஒமக்குத் தெரியுதா என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டதில் என்ன தப்பு. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் போக வேண்டும்.

நடுவில் ஒன்று நடந்துவிட்டது மக்கா, அதற்காகத்தான் இந்தக் கடிதம். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், எழுதினால் கொஞ்சம் ஆறும். வெளிநாட்டுக் கப்பல் வேலைக்குப் பரீட்சை எழுதி இங்கிலீஷ் சொற்களில் தோற்று வந்தாயே, வந்த கையோடு அந்தத் தடித்த புத்தகத்தை வாங்கினாய், வாயில் நுழையாத பெரிய பெரிய சொல்லும் பக்கத்தில் தமிழில் அர்த்தமும். நனையும் என்று புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுச் சொற்களை மனசில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவாய். சாயங்காலம் ஜெபமாலை முடித்து, வள்ளத்தோடு பேச நீ வீட்டில் வைத்துத்தந்த வயர்லெஸ் முன்னால் நான் உட்காருவேன். அம்மை, வெளக்கு கொளுத்தியாச்சா என்று உன் குரல் வரும், அதுதான் நம் பள்ளிக்கூடத்துக்கு மணி. எனக்கு அந்தச் சொற்களை வாசிக்க வராது, எழுத்து எழுத்தாகச் சொல்வேன், நீ சேர்த்துச் சொல்லி அர்த்தமும் சொல்வாய். நீ வெகுதூரம் போய்விட்ட நாட்களில் குரல் எட்டாது, இடையில் நிற்கிற வள்ளக்காரர்கள் கைமாற்றிவிடுவார்கள். என் எழுத்தைப் பெனிஷ் உனக்குச் சொல்லுவான், உன் அர்த்தத்தை எனக்குச் சொல்லுவான். புத்தகத்தில் போட்டிருக்கிற அர்த்தம் உனக்கு ஒருநாளும் வாயில் நின்றதில்லை. டிரான்குயில் என்றால் கச்சான் கழிஞ்ச கடலு என்பாய். ஒபேக் என்றால் ஆத்துல மழைத்தண்ணி கலங்கிக் கடல்ல வந்து சேருகிற பொழிமுகம். வொரேஷியஸ் என்றால் நம்ம பெனிஷ் சோறு திங்கியது என்றாய், அவன் இடையில் நின்று அதைத் தன் வாயாலேயே எனக்குச் சொல்ல வேண்டிவந்தது, அம்மை, இந்த நாறப்பய என்ன சொல்லியான் தெரியுமா என்று கத்தினான். அப்ஸ்டினேட் என்றால் என்ன என்று கேட்ட அன்றைக்கு, எங்க அம்மை என்றாய். கடலில் நின்ற வள்ளம் முழுக்கச் சிரித்தது, எனக்குக் காதில் இன்னும் கேட்கிறது. புத்தகத்தில் பார்த்தேன், பிடிவாதமுள்ள என்று போட்டிருந்தது.

நீ வராமல் போனபிறகும் நான் நிறுத்தவில்லை. சாயங்காலம் விளக்கு கொளுத்துவேன், புத்தகத்தைத் திறப்பேன், வயர்லெஸில் ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். முதலில் பயல்கள் ஏதாவது ஆறுதல் சொல்லப் பார்த்தார்கள், பிறகு அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். நான் பேசத் தொடங்கினால் வலை விலை, மீன் விலை என்று சத்தமாகக் கிடக்கிற சானல் அப்படியே அடங்கிப்போகும். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் புத்தகத்தை மூடி, சரி மக்களே என்று சொன்ன பிறகுதான் மறுபடி பேச்சு தொடங்கும். அத்தனை ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற அந்த அமைதியைக் கேட்டால் சில நாள் எனக்கே பயமாக இருக்கும், ஆனாலும் அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. நீ நிறுத்தின பக்கத்தில் ஒரு தங்கூசித் தூண்டில் நரம்புத் துண்டை அடையாளம் வைத்திருந்தாய். அதற்குப் பிந்தின பக்கத்தை நான் தொடவே இல்லை. படித்ததையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லிஜாவின் அப்பா வந்துபோன அன்று சாயங்காலம் என்ன தோன்றியதோ, தங்கூசியை எடுத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தேன். ஒரு சொல்லைச் சொன்னேன். அமைதிக்குள் டக் என்று ஒரு சத்தம், பேசுவதற்கு முன்னால் மைக்கை அமுக்கினால் வருமே அது. யாரும் பேசவில்லை. கை தவறி அமுக்கியிருப்பான் எவனாவது என்று இருந்தேன். மறுநாளும் அதே டக், அதற்குப் பின்னால் தண்ணீர் வள்ளத்தில் மோதுகிற சத்தம் கொஞ்சநேரம், பிறகு ஒன்றுமில்லை. யாருலே அது என்று கேட்டேன். நாங்க இல்ல அம்மை, நாங்க இல்ல அம்மை என்று ஒவ்வொரு வள்ளமாகச் சொல்லிவந்தார்கள், குரலில் விளையாட்டு இல்லை. அதற்கடுத்த சாயங்காலம் ஆர், இ, எல், ஐ, என், க்யூ, யூ, ஐ, எஸ், ஹெச் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். லைட் ஹவுஸ் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து புத்தகத்தில் விழுந்து போய்க்கொண்டிருந்தது. அப்போது பெனிஷ் குரல் வந்தது, அவன் பேசுகிற மாதிரியே இல்லை. அம்மை, வெளக்கு கொளுத்தியாச்சான்னு கேக்கச் சொல்லுகு என்றான். யாருலே சொல்லுகது என்றேன். கைமாற்றுகிறவன் பழக்கத்தில் வந்ததை அப்படியே சொன்னான், ரிலிங்க்விஷ், பாருல மாட்டுன வலய அறுத்து விடுகது.

நான் புத்தகத்தைப் பார்த்தேன். உரிமையை விட்டுக்கொடுத்தல் என்று போட்டிருக்கிறது. வலையும் இல்லை, பாறையும் இல்லை.

காலையில் பெனிஷ் கரை ஏறியதும் நேரே இங்கே வந்தான். மீன்கறி வைத்தேன், தொடவில்லை. அவன் வள்ளத்துக்கு மேற்கே அன்றைக்கு யாரும் போகவில்லையாம், குரல் மேற்கிலிருந்து வந்ததாம், நனைந்த துணிக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்ததாம். அவன்தானா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, அம்மை, எனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது, மாதாவாணே தெரியாது, நான் கேட்டதச் சொன்னேன், வேற ஒண்ணும் எங்கிட்ட கேக்காதீங்க என்றான். அவன் என்மேல் இரக்கப்பட்டு இட்டுக்கட்டியிருக்கலாம் என்றும் யோசித்தேன். ஆனால் இரக்கப்படுகிறவன் என்னை மகிழ்விக்கிற மாதிரி அல்லவா எதையாவது சொல்வான்.

பாறையில் வலை மாட்டினால் உன் அப்பா என்ன செய்வார் என்று உனக்கு நினைவிருக்கும். வலை போனால் மறுபடி பின்னலாம், இழுத்துக்கொண்டே இருந்தால் வள்ளம் கவிழும் என்று சொல்லிக் கத்தியை எடுத்துவிடுவார், நீ சின்னப்பயல், வள்ளத்தின் முன்னால் அணியத்தில் இருந்து அழுவாயாம். நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது மக்கா, படிக்காதவளானாலும் அது புரியும். ஆனால் என்னை எப்படிப்பட்ட இடத்தில் மாட்டிவிட்டாய் பார். நீ சொன்னபடி கேட்க வேண்டும் என்றால், நீ ஒன்றுமே சொல்லவில்லை என்று நான் வேதபுத்தகத்தில் அடித்துச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் லிஜா இந்த வீட்டிலேயே உன் சட்டையை வெயிலில் போட்டுக்கொண்டு கிழவியாவாள். முழங்காலில் நின்று யோசித்தேன். பொய்ச் சத்தியம் பெரிய பாவம், தெரியும். அதை நான் சுமந்துகொள்கிறேன், சுமக்கிற வயசுதான். நாளைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன், ஒரு சொல் கூட வரவில்லை என்று.

வயர்லெஸைக் கழற்றிவிட்டேன். பேட்டரி வயரைப் பெனிஷ் உருவித்தந்தான், பெட்டியை அவனே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று துணியில் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அவனிடம்தான் கொடுப்பேன், ஈயக்கட்டியில் கட்டி அந்தக் குரல் வந்த திசையில் போய்க் கடலில் விடுகிறேன் என்றிருக்கிறான். நீலச்சட்டையையும் சேர்த்துத் தருகிறேன், உனக்குத்தான் அது வேண்டும்போல. புத்தகத்தை மட்டும் தரமாட்டேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே, நான் எங்கேயாவது தவறிப்போய் எழுத்துக் கூட்டினாலும் இனிப் பதில் சொல்லாதே. லிஜா கேட்கிற இடத்தில் ஒருபோதும் சொல்லாதே. அவள் சின்னவள், பயப்படுவாள், பயந்தால் போகமாட்டாள். நீ இருக்கிற இடத்தில் காற்று அடங்கிக் கடல் தெளிந்திருக்கட்டும். மாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும், உனக்கு முன்னால் போன உன் அப்பாவை அங்கே பார்த்தால் நான் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் பிடிவாதக்கார அம்மை
சூசம்மாள்

பின்குறிப்பாக ஒன்று. விளக்கு இன்னும் கொளுத்தவில்லை, பொழுது சாய்ந்துவிட்டது, லிஜா வரும் பஸ்ஸையும் காணவில்லை. வாசலில் கட்டிவைத்த வயர்லெஸ் பெட்டிக்குள்ளிருந்து இப்போதுதான் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. நாளைக்கு நான் வேதபுத்தகத்தில் கைவைத்து, என் மகன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று சொல்லும்போது, நீ எங்கே நின்று கேட்டுக்கொண்டிருப்பாய் மக்கா?