எதுவும் சேர்க்காத க்ரீம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று வழக்கமாக எழுதுகிற வரியை இந்தத் தடவை என்னால் முழுதாக எழுத முடியவில்லை. உன் அம்மா சௌக்கியம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலி. நானும் சௌக்கியம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். உன் அத்தை சௌக்கியமாக இல்லை, அதற்குக் காரணம் நான். வாராவாரம் போனில் பேசுகிறவர் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ 'சரி விடுங்கப்பா' என்று சொல்லிவிடுவாய், நானும் அதுதான் சாக்கு என்று மீதியை விழுங்கிவிடுவேன். கடிதத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை.

முதலில் சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் சளியும் தலைவலியும் என்றாய், சளிக்கு ஒரு மாத்திரையும் தலைவலிக்கு ஒன்றும் போட்டேன் என்றாய். அந்த இரண்டு அட்டையையும் திருப்பிப் பின்பக்கம் படி. சளி மாத்திரை பலவற்றுக்குள்ளேயே பாரசிட்டமால் இருக்கும், தலைவலி மாத்திரையும் பெரும்பாலும் அதேதான், பெயரும் நிறமும்தான் வேறு. இரண்டையும் சேர்த்து நாள்கணக்கில் போட்டால் ஈரல் தாங்காது. க்ரீம்களைப் பரிசோதிக்கிற லேபில் வேலை செய்கிற உனக்குத் தெரியாதது இல்லை, ஆனால் தெரிந்தவர்கள்தான் அட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இதை எழுதும்போதே கை கூசுகிறது பாப்பா. அடுத்தவருக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று மீதியையும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் களிம்பு கலக்குகிற அறையில் நின்றவன் நான். பளிங்குப் பலகை, தட்டைக் கத்தி, தராசு, இவ்வளவுதான் என் ராஜ்யம். வேர்க்குருவுக்குக் காலமைன், குழந்தைகளின் தொடைப் புண்ணுக்குத் துத்தநாகக் களிம்பு, தடித்துப்போன குதிகாலுக்குச் சாலிசிலிக் அமிலம் என்று எத்தனை ஆயிரம் டப்பா. என் கை கலந்த டப்பா ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதமே கை சும்மா இருக்க மறுத்துவிட்டது. சமையலறையில் இருக்கிற டப்பாக்கள் ஒவ்வொன்றுக்கும் வாங்கிய தேதி, தீரும் தேதி எழுதி ஒட்டினேன். உன் அம்மா, 'இன்னொரு டப்பாவத் தொட்டீங்கன்னா உங்க நெத்தியிலயும் தேதி எழுதி ஒட்டிருவேன்' என்றாள். அவளுக்குப் பயந்துதான் வராந்தாவில் ஒரு மேசையைப் போட்டு அந்த க்ரீமை ஆரம்பித்தேன். எண்ணெய், மெழுகு, கிளிசரின், காய்ச்சி ஆறிய தண்ணீர், கற்றாழைச் சாறு, இவற்றோடு கெடாமல் இருக்க ஒரு சிட்டிகை பாராபென். கண்ணைச் சுற்றிக் கறுத்து வறண்டுபோகிற தோலுக்குப் பூசுவது. முதல் டப்பாவை உன் அத்தைக்குத்தான் கொடுத்தேன், விடிந்ததும் பள்ளிக்கூட வேனை எடுத்து வெயிலிலும் தூசியிலும் சுற்றுகிறவள். நாலு மாதம் பூசினாள், ஒரு குறையும் இல்லை, முகம் தெளிந்து இருந்தது. அதைப் பார்த்துத்தான் கீழ்வீட்டு பார்லர்காரம்மா படியேறி வந்தார்.

அவர் கேட்டது ஒரே ஒரு விஷயம். 'சார், வர்றவங்க எல்லாரும் டப்பாவத் திருப்பிப் பார்க்கிறாங்க, பாராபென் உடம்புக்கு ஆகாதுன்னு பயந்து அது இருக்கான்னு கேக்குறாங்க. அது இல்லாம செஞ்சு குடுத்தீங்கன்னா எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன்.' கேட்ட அந்த நொடியே எனக்கு விடை தெரியும். தண்ணீர் சேர்த்துச் செய்த க்ரீம் அதைக் காக்க ஒன்று இல்லாமல் நிற்காது. பெட்ரோலியம் ஜெல்லி வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்தும் கெடுவதில்லை என்றால் அதில் தண்ணீர் இல்லை, கிருமிக்கு அங்கே பிழைப்பு இல்லை. என் க்ரீமிலோ பாதிக்கு மேல் தண்ணீரும் கற்றாழையும். நான் போட்ட பாராபென் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது, அதைப் பொறுமையாக அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனிடம் ஒருத்தர் வந்து 'சார், நீங்கதான் செஞ்சு குடுக்கணும்' என்று கேட்டால் தலைக்கு ஏறிவிடுகிறது. குளிர்பெட்டியில் வைத்தால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பாராபெனை எடுத்துவிட்டேன். பார்லருக்குப் போன டப்பாக்களில் 'சுத்தமானது, எதுவும் சேர்க்காதது' என்று என் கையாலேயே லேபிள் எழுதி ஒட்டினேன்.

பெருமையாக உன்னிடம் சொன்னபோது நீ பதறினாய். 'அப்பா, தண்ணி இருக்கு, கற்றாழை இருக்கு, அதுவும் கண்ணுகிட்ட பூசுறது. தயவுசெஞ்சு யாருக்கும் குடுக்காதீங்க, நான் இங்க தினமும் இதுல வளர்ற கிருமியத்தான் எண்ணிட்டு இருக்கேன்' என்றாய். நான், 'நீ பொறக்கறதுக்கு முன்னாடியே களிம்பு கலக்குனவன், எனக்கே பாடம் எடுக்கிறியா' என்று போனை உன் அம்மா கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்றைக்கு உன் குரல் எப்படிச் சுருங்கியது என்று அம்மா பிறகு சொன்னாள். காதில் வாங்கவில்லை.

பழைய டப்பா தீர்ந்ததும் அத்தை புதியதில் ஒன்று வாங்கிப் போனாள். வீட்டு ஆள்தானே என்று அதற்கு லேபிள் ஒட்டவில்லை. குளிர்பெட்டியில் வை என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை, அதனால் அவள் வழக்கம்போல அதை வேனில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் ஏறும்வரை காத்திருக்கும் நேரத்தில் விரலால் தொட்டுப் பூசுவாள். வெயிலில் டப்பா கொதிப்பதை நானே ஒரு நாள் பார்த்தேன், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் வலது கண்ணில் தூசி விழுந்து நன்றாகக் கசக்கியிருக்கிறாள், க்ரீம் தொட்ட அதே விரலால். மறுநாள் காலையில் கண் சிவந்து இமை வீங்கி, 'அண்ணா, கண்ணுக்குள்ள மணல அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு' என்று வாசலில் வந்து நின்றாள்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனேன். கண் டாக்டர் மாணவராக இருந்த காலத்தில் என் அறைக்கு வந்து சந்தேகம் கேட்டவர், இன்றைக்கும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, 'இது யார் செஞ்சது சார், கெடாம இருக்க ஏதாவது சேர்த்திருக்கா?' என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பக்கத்தில் என்னோடு வேலை செய்த இரண்டு நர்ஸ்கள் நின்றிருந்தார்கள், அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா. 'என் பொண்ணு க்ரீம் டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கா சார், அவ எழுதிக் குடுத்த அளவுப்படிதான் செஞ்சேன், எல்லாம் சேர்த்திருக்கு' என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

லேபில் இருக்கிறவள் கொடுத்த அளவு என்றதும் டாக்டர் அந்தப் பக்கம் சந்தேகப்படவில்லை. ஏதோ ஒவ்வாமை என்று அதற்கான சொட்டு மருந்தைக் கொடுத்து இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். மூன்றாம் நாள் போனபோது கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதற்குப் பிறகுதான் கண்ணிலிருந்தும் டப்பாவிலிருந்தும் எடுத்துப் பரிசோதித்தார்கள், இரண்டிலும் ஒரே கிருமி. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, பதினொரு நாள் படுக்கை. கண் பிழைத்தது, பார்வை முழுதாகத் திரும்பவில்லை. தழும்பு நின்றுவிட்டது, எல்லாம் புகைக்குள் தெரிவதுபோல இருக்கிறது என்கிறாள். டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாக, 'முதல் நாளே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது சார்' என்றார். முதல் நாளே எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளை நான்தான் தின்றேன். என் பொய்யால் அந்த இரண்டு நாள் போனது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவளை, ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் கண் பரிசோதனையில் நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இப்போது கேட்டில் நின்று ஏறுகிற பிள்ளைகளின் வருகையைக் குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவள் வேனை வேறு ஒருவர் ஓட்டுகிறார். சாவியைக் கொடுத்த அன்றைக்கு இங்கே வந்தாள். அழவில்லை. 'அவ எழுதிக் குடுத்த அளவுலதானே அண்ணா இத செஞ்சீங்க. இத்தனை படிச்சவ, இதுல இப்படி ஆகும்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல' என்று கேட்டாள். நீ சொன்னாய், என்னிடம் சொன்னாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்து, பரீட்சை நாளெல்லாம் தன் வேனிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டவள், உன் போனை எடுக்காமல் இருப்பது இதனால்தான். 'அத்தை ஏம்ப்பா எடுக்க மாட்டேங்கிறாங்க, நான் என்ன பண்ணேன்' என்று நீ அழுதபோது, திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று இன்னொரு பொய் சொன்னேன். டாக்டரிடம் உன் பேரை இழுத்துச் சொன்ன முதல் பொய் மட்டும் உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. 'பெத்த பொண்ணு தலையில தூக்கிப் போட்டுட்டு எப்படிங்க உங்களுக்குச் சோறு இறங்குது' என்று கேட்டாள், அதோடு தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

பார்லரில் இருந்த டப்பாக்களை எல்லாம் திரும்ப வாங்கிக் கொட்டிவிட்டேன். வாங்கிப் போனவர்கள் வீட்டுக்குப் பார்லர்காரம்மாவோடு ஏறி இறங்கி, பூசாதீர்கள், கெட்டுப்போவதைத் தடுக்கிற மருந்தை நான் போடவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். நல்லவேளை வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முகம் தெரியாதவர்களிடம் சுலபமாக வந்த வார்த்தை கூடப் பிறந்தவளிடம் வரவில்லை. மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனேன், நாற்காலியைப் போட்டாள், உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள், நானும் முழங்கால் வலியைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். நேற்று டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, 'என்கிட்ட சொல்லிட்டீங்க, சொல்ல வேண்டியவங்ககிட்ட சொன்னீங்களா சார்' என்று கேட்டார். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப் போவதில்லை. உறையை ஒட்டாமல், மேலே ஒன்றும் எழுதாமல், நாளைக் காலையில் அத்தை கையில் கொடுக்கப் போகிறேன். முதலில் நீ படி, படித்துவிட்டு அனுப்பத் தோன்றினால் நீயே முகவரி எழுதிப் பாப்பாவுக்கு அனுப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டு வருவேன். ஒற்றைக் கண்ணால் படிக்க வேண்டும் என்றுதான் எழுத்தை இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேன். கிழித்துப் போட அவளுக்கு உரிமை இருக்கிறது. அப்படிக் கிழித்துவிட்டால் இத்தனையையும் உன்னிடம் போனில் சொல்வேன், எனக்கு வேறு வழி இல்லை.

நோய்நொடி இல்லாமல், செய்கிற வேலையில் நல்ல பெயரோடு நீ நீண்ட காலம் இருக்க வேண்டும். அந்தப் பெயரை இங்கே கெடுத்தவனும் நான்தான், வாழ்த்துகிறவனும் நான்தான், ஏற்றுக்கொள்வது உன் இஷ்டம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உறையைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதன் மேல் உன் பெயர் யார் கையெழுத்தில் இருக்கிறது என்று பார். பார்த்துவிட்டு அத்தைக்கு போன் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா