ஒரு ரவுண்டு

9 மார்ச், சனி

சன்னாசி மாமாவின் கருமாதி முடிந்து லிங்கியில் அவர் வீட்டை ஒழித்தோம். பின்னால் ஷெட்டில், கோழிக்கூண்டுக்கு அடியில் அப்பாவுடைய மோட்டார்! ஹொண்டா செவன்ட்டி மோட்டார் சைக்கிள். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. அமுக்குளி மனுஷன்.

அப்பா பால்மரம் சீவிவிட்டு வந்து குளிப்பார். தலைகூடத் துவட்டமாட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு என்னை முன்னால் நிற்க வைத்து எஸ்டேட் லயத்து வீடுகளைச் சுற்றி ஒரு ரவுண்டு. அவர் தலை ஈரம் என் கழுத்தில் சொட்டும். எனக்கு ஐந்து வயது இருக்கும்போது அந்த மோட்டாரில்தான் விழுந்து செத்தார். முகம் போட்டோவைப் பார்த்தால்தான் ஞாபகம் வருகிறது. அந்த ஈரம் மட்டும் மறக்கவில்லை.

சசி லோரியில் ஏற்றி செனாவாங்கில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் இறக்கினார். "ஊருல எல்லாம் பொண்டாட்டி நகை கேப்பா. எனக்கு வாய்ச்சது பழைய இரும்பு கேக்குது லா." கேட்டால் என்ன? தொழிற்சாலையில் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள்தானே நான். இதை ஓட வைக்காமல் விடமாட்டேன்.

10 மார்ச், ஞாயிறு

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மோட்டாரைக் கையால்தான் பார்த்தார். சீட்டு, ஹேண்டில், கடைசியில் இன்ஜின். அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஓடுமா?"

"எங்கம்மா? இன்ஜின் ஜாம். கிக்கர் இறங்கவே மாட்டேங்குது."

"அப்ப கெடந்துட்டுப் போகுது. வேற இன்ஜின் மட்டும் வைக்காதே புனிதா."

ஏன் என்று கேட்டேன். அந்தி நேரத்தில் போனவர் பேச்சை எடுக்கக் கூடாதாம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, இன்ஜினைப் பற்றிப் பேச வந்துவிட்டார்.

17 மார்ச், ஞாயிறு

பெடாஸ் பக்கம் நாங்கள் அப்போது இருந்த பழைய எஸ்டேட்டில் இதே மாடல் மோட்டார் ஒன்று கிடப்பதாக சசியின் கூட்டாளி சொன்னார். போனோம். ரப்பர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. முனியாண்டி கோயில் இருந்த இடத்தில் சிமெண்டு மேடை மட்டும். அதற்குப் பின்னால் செடி மூடி நின்றது மோட்டார். பாடி முழுக்கத் துரு. ஆனால் கிக்கரை மிதித்தால் இன்ஜின் சுற்றுகிறது! வெயிலிலும் மழையிலும் கிடந்த இன்ஜின் எப்படிச் சுற்றும்?

அங்கே காவல் இருந்த ஜாகாக்காரரிடம் கேட்டேன். "சாமியத் தூக்கிட்டு டவுனுக்குப் போயாச்சு அக்கா. இனி யாரு கேக்கப்போறா? எடுத்துக்குங்க."

இன்ஜினை ஒட்டி ஒரு துணி கட்டியிருந்தது. எண்ணெய்க் கறுப்பு. எவனோ ஒழுகலுக்குக் கட்டியிருப்பான் என்று அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டேன். துடைத்த பிறகுதான் ஓரத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தது. முடிச்சுக்குள் ஒரு பழைய இருபது காசு. ஸ்க்ரூ டிரைவர் லோரியில் இருந்ததால் அந்தக் காசாலேயே மூடியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே பளபள என்று இருந்தது.

இன்ஜினோடு வீட்டுக்கு வந்ததும் என் மகள் மாதவி காசைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

18 மார்ச், திங்கள்

அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு இன்ஜினும் கண் தெரியாதவருக்கு ஒன்றுதானே.

24 மார்ச், ஞாயிறு

பெடாஸ் இன்ஜின் அப்பா பாடியில் சரியாக உட்கார்ந்துவிட்டது. போல்ட்டெல்லாம் கையாலேயே இறங்கின. பாடியில் தேய்ந்த இடமும் இன்ஜினில் தேய்ந்த இடமும் சரியாகப் பொருந்துகின்றன. சசிகூட, "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு இன்ஜின் நம்பரைத் துடைத்தேன். அம்மாவின் பெட்டியில் அப்பா மோட்டாரின் பதிவுக் கிராண்ட் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒரே நம்பர்.

இது அப்பாவுடைய இன்ஜின்தான். பெடாஸ் கோயிலுக்குப் பின்னால் வேறு எவனோ மோட்டாரில் எப்படி? மாமா வைத்திருந்த பாடிக்குள் இருந்தது யாருடைய இன்ஜின்? முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா வண்டி அப்பா வண்டியாகவே வந்துவிட்டது என்று குதித்தேன். இப்போது இதை எழுதுமுன் எழுந்து போய்ப் போர்ச் விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன்.

30 மார்ச், சனி

ஓடிவிட்டது! முதல் மிதியிலேயே!

பசார் ரமலான் சந்தையிலிருந்து சசி வாங்கி வந்த பலகாரத்தைப் பிரிக்கக்கூட விடாமல் எல்லோரையும் போர்ச்சுக்கு இழுத்தேன். மிதித்தேன். டப்-டப்-டப் என்று அந்தச் சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னால் அம்மா அலறினார். "கேட்டப் பூட்டு! புனிதாவப் புடிங்க, புள்ளையப் புடிங்க!" நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், என் கையைப் பிடிக்காமல் இடுப்பு உயரத்தில் காற்றைத் துழாவினார். ஐந்து வயதுப் புனிதாவைத் தேடியிருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

அன்று இரவு அம்மா கேட்டை விட்டு நகரவே இல்லை. சாப்பிடவும் இல்லை.

2 ஏப்ரல், செவ்வாய்

வேலை முடிந்து வந்தேன். மாதவி போர்ச்சில் மோட்டாருக்கு முன்னால் ஏறி நின்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இன்ஜினைத் தொட்டேன், சுட்டது. சாவி என் கைப்பையில்.

"என்னம்மா பண்றே இங்க?"

"தாத்தா ரவுண்டு போலாம்னாரு. அம்மா வரட்டும்னு சொன்னேன்."

"எந்தத் தாத்தா?"

"தலை ஈரமா இருக்கே, அந்தத் தாத்தா."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சசியிடம்கூட. ஐயோ, பிள்ளையின் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

5 ஏப்ரல், வெள்ளி

அம்மா வாயைத் திறந்தார். பகலில்தான் சொல்வேன் என்று என்னை லீவு போட வைத்துவிட்டுச் சொன்னார்.

அப்பா சாகிற அன்று அவசரமாக ரெம்பாவுக்குப் போகும்போது நான் கூட வருகிறேன் என்று அழுதேனாம். 'வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர் பெடாஸ் வளைவில் விழுந்தார்.

"மாமா மோட்டாரத் தூக்கியாந்து லயத்துல போட்டாரு. காரியம் முடிஞ்சும் தெனம் அந்திக்கு அந்தச் சத்தம் வாசல்ல வந்து நிக்கும். நீ எந்திரிச்சு ஓடுவே. ஒரு நாள் அந்த வளைவுக்கே போயிட்டே. லோரிக்காரன் பிரேக் போட்டதுனால தப்பிச்சே. பூசாரிதான் சொன்னாரு, உடம்ப ஒரு பக்கம் வையி, உசுர ஒரு பக்கம் வையின்னு. கோயிலுக்குப் பின்னால கெடந்த ஓட்ட மோட்டார்ல இன்ஜின மாத்திப் போட்டோம், பாடிய மாமா கொண்டுபோனாரு. மஞ்சத் துணியில காசு முடிஞ்சு முனியாண்டி காவல்ல விட்டேன்."

"ஏம்மா இதை முன்னாடியே சொல்லல?"

"பேரச் சொன்னாலே வந்துருவாருன்னு பயம்டி. கெட்டவரு இல்ல. உன் மேல உசுரு. சொன்ன சொல்லுக்கு வந்து நிக்கிறாரு, அவ்வளவுதான்." பிறகு, "அவுத்த காசு எங்க?" என்றார்.

மாதவியிடம் கொடுத்ததைச் சொன்னேன். அம்மா வாயில் அடித்துக்கொண்டார். காசு யார் கையில் இருக்கிறதோ அவர்களைத்தான் கூப்பிடுவாராம்.

முடிஞ்ச காசை எடுத்துப் பிள்ளை கையில் விளையாடக் கொடுத்திருக்கிறேன். என்னைவிட மடச்சி இருப்பாளா?

6 ஏப்ரல், சனி

நாளைக்கே இன்ஜினைக் கழற்றி சி ரூசா கடலில் போட்டுவிடலாம் என்கிறார் சசி. நான் இப்போதே பிளக்கை உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிளக் இல்லாத இன்ஜின் ஓடாது. ஓடவே ஓடாது.

விளக்கு வைத்தோம். ஓடியது.

மாதவி கதவை நோக்கி எழுந்து போகிறாள். சசி இறுக்கிப் பிடித்தும் அவர் கால் தரையில் இழுபடுகிறது. என்ன பலம் அந்தச் சின்ன உடம்புக்கு! பொத்திய விரலைப் பிரித்துக் காசைப் பிடுங்கிக்கொண்டேன். உடனே அவள் சாதாரணமாக அழ ஆரம்பித்தாள்.

வெளியே அப்பா ஹேண்டிலை முறுக்குகிறார். ரவுண்டு எனக்குச் சொன்னது. என் பிள்ளைக்குச் சொன்னதில்லை. நான் போய் அந்த ரவுண்டை முடித்து, கோயில் மேடையில் காசை வைத்துவிட்டு வந்தால் தீர்ந்தது. சசி கத்துகிறார், அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். போகாவிட்டால் நாளைக்கும் வருவாரே, என்ன செய்வது?

பயமாக இருக்கிறது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது. நானும் வரேன் என்று மாதவி காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். "அழாதடா. அம்மா வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னதும்தான் விட்டாள்.

இதோ வரேன்பா, என்ன அவசரம்.

கிழமை தெரியவில்லை. அந்தி.

ரவுண்டு நன்றாக இருந்தது. லயம் அப்படியே இருக்கிறது, எல்லா வீட்டிலும் விளக்கு வைத்திருந்தார்கள். பெடாஸ் வளைவில் கொஞ்சம் சறுக்கியது, வேறு ஒன்றும் இல்லை. கோயில் மேடையில் இறங்கத்தான் முடியவில்லை. அப்பா நிறுத்தவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் கேட் பூட்டியிருக்கிறது. போர்ச்சில் சசி ஸ்பானரோடு உட்கார்ந்து, நசுங்கிப்போன பாடியிலிருந்து இன்ஜினைக் கழற்றுகிறார். தாடி வளர்ந்திருக்கிறது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. என்ன கோபமோ! ஹாலில் எங்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து என்னை மட்டும் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மஞ்சள் துணி. கண் தெரியாமலே நான் கொண்டுபோன காசை வைத்து முடிச்சை இறுக்குகிறார். அவர் மட்டும் என் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் மாதவியை இழுத்து அணைத்துக்கொண்டு அவள் காதைப் பொத்துகிறார்.

ஏம்மா பொத்துறீங்க? பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தானே போனேன். பாவம், காலர்கூட மடிக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்துவிட்டாள். கையாட்டுகிறாள்.

வாடா கண்ணு. அம்மா சொன்ன மாதிரி வந்துட்டேன் பாரு. ஒரே ஒரு ரவுண்டு.