கடல்வாயிலில் இனித் தகடு கேளோம்

நலம் விளைக. மூன்று மலைக்கும் இரு கடலுக்கும் உரியவரும், யானைக்கொடி உயர்த்தியவரும், குடிகள் குறை கேட்பதில் சோர்வறியாதவர் என்று மெய்க்கீர்த்தி பாடும் வேந்தருமாகிய மாமன்னர் செழுங்கோவர் திருவடிகளுக்கு, தங்கள் ஆணையால் பன்னிரண்டு ஆண்டுகளாக நித்திலத்துறை நகரைக் காத்துவரும் குன்றத்துக் குடிப் பெருஞ்சாத்தன் வணங்கி எழுதுவிக்கும் ஓலை. தலைநகரில் மழை பொழிக, வயல் விளைக, அரண்மனையில் எல்லாரும் நலமுடன் வாழ்க.

தங்கள் திருமுகம் கார்த்திகை முதல் வாரத்தில் வந்தது. அவையோர் சூழ எழுந்து நின்று கேட்டேன். கடல்வாயிலில் தகடு கேட்கும் வழக்கத்தை மீண்டும் நிறுவுக என்றும், குன்றத்தாரிடம் மன்னிப்புக் கேட்க என்றும், கலகம் மூட்டிய ஓதனை விலங்கிட்டு அனுப்புக என்றும் அதில் மூன்று கட்டளைகள் இருந்தன. மூன்றில் ஒன்றையும் நிறைவேற்ற மாட்டேன். காரணத்தைத் தாங்கள் பிறர் வாயால் கேளாமல் என் வாயாலேயே கேட்க வேண்டும் என்று இதை எழுதுவிக்கிறேன்.

தீவத்தார் மூன்று தலைமுறைக்கு முன் நம் முன்னோரால் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். கரிய மேனியும் சுருண்ட முடியும் கொண்ட அம்மக்களே எங்கள் துறைமுகத்தைக் கல் கல்லாகக் கட்டினார்கள். நகர வாயிலைக் கடக்கையில் அவர்கள் மணிக்கட்டில் செப்புத் தகடு இருக்க வேண்டும். இல்லையேல் மாலைவரை நிறுத்தி வைக்கலாம் என்பது வழக்கம். வெளுத்த மேனியராகிய குன்றத்தார் நமக்கு அவ்வழக்கம் இல்லை. இல்லை என்பதையே நான் நாற்பத்தாறு வயதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு முற்பகல், வாயிலுக்கு வெளியே ஆற்றுக்கரை இளகுவதாகச் செய்தி வந்தது. பதினெட்டு ஆண்டுகளாகக் கரைகளையும் மதகுகளையும் பேணிவருபவர் தீவத்தாராகிய ஓதனார். தங்கள் திருமுகம் அவரை ஓதன் என்கிறது. நான் ஓதனார் என்றே எழுதுவிக்கிறேன். உடனே கரைக்கு வருமாறு அவருக்கு ஆள் அனுப்பிவிட்டு நான் முன்னே ஓடினேன். மேலாடை இல்லை, முத்திரை மோதிரம் இல்லை, முழங்கால்வரை சேறு. வாயிலில் நின்ற காவலன் அன்றுதான் உள்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவன் என்று எண்ணினேன். அவன் ஒரு திங்களாக அங்கே நிற்கிறான் என்பது பின்னரே தெரிந்தது. என்னைக் கண்டதும் விலகி வணங்கினான்.

ஓதனார் அரை நாழிகை கழித்து அதே வாயிலுக்கு வந்தார். அவசரத்தில் தகட்டை வீட்டில் விட்டுவிட்டார். காவலன் அவர் கைகளைக் கட்டித் தூணோரம் நிறுத்தினான். கரை எங்கே உடையும், எங்கே வெட்டி நீரை வயலுக்குத் திருப்ப வேண்டும் என்று அறிந்த ஒரே மனிதர் மூன்று நாழிகை அங்கே நின்றார். இன்னும் வரவில்லையே என்று நான் கரைமேல் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கரை உடைந்தது. தாழ்வான தெருவில் பதினான்கு பேர் மாண்டனர். ஓதனாரின் தமக்கை ஆழினி அவர்களில் ஒருவர்.

மறுநாள் அக்காவலனை அழைத்துச் சினத்தோடு விசாரித்தேன். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே தருகிறேன்.

“ஓதனார் முகம் தெரியும் ஐயா. தினமும் பார்க்கிற முகந்தான். தகடு இல்லாமல் விடக்கூடாதென்று ஓலை இருக்கிறதே.”

என்னை மட்டும் ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

“உங்களை யாரென்று அப்போது எனக்குத் தெரியாது ஐயா. குன்றத்தார் என்பது தெரிந்தது. அது போதுமே.”

அவன் காட்டிய ஓலையில் இருந்தது என் முத்திரை. பதவியேற்ற இரண்டாம் ஆண்டில், வெற்றிலை மடித்துக்கொண்டே முப்பது ஓலைகளுக்கு முத்திரையிட்ட ஒரு பிற்பகல் நினைவுக்கு வந்தது. அவனைத் தண்டிக்க எனக்கு வாய் எழவில்லை.

ஓதனார் வீட்டுக்குப் போனேன். தமக்கையின் அறையிலிருந்து சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார். இனி எவரும் தடுக்காதபடி அவருக்குப் பொன்தகடு தருவதாகச் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“எனக்குப் பொன் கொடுத்தால், எனக்குப் பின்னால் வருகிறவன் கையில் செம்பு இருக்கிறதா என்று காவலன் பார்ப்பான். அன்றைக்கு உங்கள் கையில் என்ன இருந்தது? ஒன்றுமில்லையே. அந்த ஒன்றுமில்லாததை எங்களுக்கும் கொடுங்கள்.”

இதையே கலகம் என்று தங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். அன்று அவர் வேறெதுவும் பேசவில்லை. நான்தான் அதன்பின் தெருவில் நடக்கவே தயங்கினேன். உப்பு விற்பவள் உப்பை என் கையில் வைப்பதையும், தீவத்துப் பெண்ணுக்குத் தரையில் வைப்பதையும் கண்டேன். படகில் எனக்கென்று துடைத்துவைத்த பலகையையும், நின்றுகொண்டே ஆற்றைக் கடக்கும் தீவத்து முதியவர்களையும் கண்டேன். எல்லாம் எப்போதும் என் கண் முன்னேதான் நடந்திருக்கின்றன.

தகடு குன்றத்தாருக்கும் உண்டு என்று மறுநாளே ஆணையிட்டேன். முதலில் தகடின்றிச் சென்று பிடிபட்டவன் நானே. மாலைவரை தூணோரம் நின்றேன், கால் கடுத்தது. மூன்றாம் நாள் தானைத்தலைவரின் துணைவியார் கோப்பெண்டு பல்லக்கில் வந்தார். என் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லையா என்று கேட்டாராம். காவலன் தலை குனிந்து, “தெரிகிறது அம்மா. ஓதனாருடைய முகமும் தெரிந்தது” என்றானாம். அவரும் நின்றார். ஐந்தாம் நாள் குன்றத்தார் கூடித் தங்களுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். நான்கு நாழிகை நின்றதைப் பொறுக்க இயலாத கொடுமை என்றவர்கள், பதினான்கு பிணங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

பத்தாம் நாள் எல்லார் தகட்டையும் நீக்கினேன். சேர்ந்த செம்பை உருக்கி மதகுக் கதவுகளுக்கு ஆணியாக்கினோம். அவற்றை இனிப் பிரித்தெடுத்தால் ஆறு ஊருக்குள் வரும். ஓதனார் இப்போது கரையில் இருக்கிறார். இருநூறு பேரோடு அதை ஒரு முழம் உயர்த்துகிறார். அவரை விலங்கிட என் ஆள் ஒருவனும் போகான். விலங்கு யாருக்காவது பூட்டியே ஆக வேண்டுமெனில், அந்த ஓலைக்கு முத்திரையிட்ட கை என்னுடையது. படை அனுப்பினாலும் எங்கள் வாயில் திறந்தே இருக்கும். வருபவர் எவர் கையையும் நாங்கள் பார்க்க மாட்டோம். என் பதவியை எடுத்துக்கொள்ளத் தங்களுக்கு உரிமை உண்டு. என் சொல்லைத் திரும்பப் பெற எனக்கே மனமில்லை.

இவ்வோலை தங்கள் ஆட்சியாண்டு பதினான்கில், கார்த்திகைத் திங்கள் பதினோராம் நாள், நித்திலத்துறை அவையில் எழுதப்பட்டு நகர முத்திரை பெற்றது. எழுதியவரும் கொண்டுவருபவரும் என் அலுவல் எழுத்தராகிய சேந்தி, தீவத்துக் குடியினர். தலைநகர் வாயிலுக்கென்று தகடு ஒன்று எடுத்துச் செல்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவ்வரியை எழுதுகிறார்.

வேந்தே, இவ்வோலை தங்கள் திருக்கையில் இருக்கும் இவ்வேளையில் அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டருள்க.