உன் அப்பா வாசிக்காத இரண்டு அத்தியாயங்கள்

நுகுஅலோஃபா
செவ்வாய்க்கிழமை, காலை ஜெபத்துக்குப் பிறகு

அன்பு மகள் லுசியாவுக்கு உன் அம்மா எழுதுவது. இன்றைய பொழுதையும் நம் கையில் கொடுத்த கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இந்தத் தாளை எடுத்தேன். நான் சுகம், உன் அப்பாவும் சுகம், அவருடைய இடது முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பாகவே சொல்லிவிடுகிறது. நீ அங்கே ஹாமில்டன் குளிரில் கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள்கிறாயா, இல்லை அழகுக்கு வெளியே போட்டுக்கொண்டு இருமுகிறாயா? போன தடவை தொலைபேசியில் உன் தொண்டை கரகரத்ததை நான் கவனிக்காமல் இல்லை. பால் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள் சூடாக ஒரு டம்ளர் பால் குடிக்காமல் படுக்கிறாள் என்றால் யாராவது நம்புவார்களா?

கடையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பள்ளிக்கூடங்களுக்கு நாம் கொடுத்துவந்த நோட்டுப் புத்தக வியாபாரம் இந்த வருஷம் நமக்கு இல்லை, சந்தைக்கு எதிரே வந்திருக்கும் பெரிய கடைக்குப் போய்விட்டது. அப்பா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் கடையைச் சாத்திவிட்டு அச்சு இயந்திரத்தை வீட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுவந்தால் வாசல் வழியாக நுழையுமா என்று ஒரு நாள் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். இருந்தாலும் புதுப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. விவசாயப் பள்ளி வாத்தியார் எழுதிய வள்ளிக்கிழங்கு நாட்காட்டி வந்துவிட்டது, எந்த நிலவுக்கு எந்தக் கிழங்கு நடுவது என்று படத்தோடு. சின்னப் பிள்ளைகளுக்கு எண்கள் சொல்லிக்கொடுக்கும் 'பத்து நண்டுகள்' வந்துவிட்டது. அதில் ஏழாவது பக்கத்தில் எட்டு நண்டு அச்சாகிவிட்டதால் இருநூற்று நாற்பது பிரதியிலும் ஒரு நண்டின்மேல் நானே கல் ஒன்றை வரைந்து மூடினேன். பிள்ளைகளுக்கு இப்போது அந்தக் கல்தான் ரொம்பப் பிடித்திருக்கிறதாம். மூன்றாவது, நம் சபைப் பாடகர் குழுவின் பழைய தலைவர் எழுதிய நினைவுகள். அதை யாரும் வாங்கவில்லை, ஆனால் அதில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் கடைக்கு வந்து நின்றுகொண்டே படித்துவிட்டுப் போகிறார்கள்.

நாலாவது புத்தகம்தான் விஷயம். உன் அத்தை கலோலைனே எழுதிய நாவல், 'துறைமுகத்தில் ஒரே குடை'. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நம் மொழியில் இவ்வளவு கனமான ஒரு கதைப் புத்தகத்தைத் தன் கையால் அச்சடிக்க வேண்டும் என்று உன் அப்பா இருபது வருஷமாகக் காத்திருந்தார், அது கடைசியில் அவருடைய சொந்த அக்காவிடமிருந்து வந்தது. ஆனால் அது காதல் கதை. அக்காள் எழுதிய காதல் கதையைத் தம்பி வாசிப்பதாவது! நீயும் உன் அண்ணனும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு சினிமா பார்த்ததில்லையே, உங்களையே அப்படி வளர்த்தவர், நம் ஊர் மரியாதைப்படி அக்கா முன்வாசலில் வந்தால் பின்வாசல் வழியே எழுந்து போகிறவர், அவர் எப்படித் தொடுவார்? அதனால் எழுத்துப் பிழை பார்த்ததும் திருத்தியதும் நான்தான். ஆறாம் வகுப்போடு நின்றவள், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஏழாம் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு வாசித்தேன். அதில் குடைக்கடியில் ஒரு முத்தம் இருக்கிறது. பதினொன்றாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன், நீயே படித்துக்கொள்.

ஒப்பந்தம் போடத்தான் உன் அத்தை எயுவாத் தீவிலிருந்து சபை மாநாட்டோடு சேர்த்து வந்தாள். சனிக்கிழமை காலை வரவேண்டிய படகு கடல் சரியில்லாமல் இருட்டிய பிறகு வந்தது. மறுநாள் ஆராதனை முடிந்து குழியடுப்பைத் திறந்து சாப்பாடு ஆனது, அத்தை முன்னறையில், அப்பா வழக்கம்போல் சமையலறைக் கொட்டகையில். திங்கள் விடிவதற்குள் அவள் படகேற வேண்டும். வயிறு நிறைந்த சந்தோஷத்தில் "எங்கடி லோசா அந்தத் தாளு, குடு, மறந்துட்டுப் போயிடப்போறேன்" என்றாள். நானும் எடுத்துக் கொடுத்தேன், பேனாவும் கொடுத்தேன், சாட்சிக் கையெழுத்தும் போட்டேன், தேதியையும் என் வழக்கப்படி ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தங்களை என் பேரேட்டில் ஏற்றும்போதுதான் பார்த்தேன், பக்கத்தில் கிடந்த பிரசங்கக் குறிப்பு நோட்டிலும் அதே தேதி, போதகர் அன்று எடுத்த வசனத்தோடு. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை போட்ட எந்த ஒப்பந்தமும் இந்த நாட்டில் செல்லாது என்பது சட்டத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த உன் அம்மா சாப்பாட்டு மேஜையிலேயே அதை மீறியிருக்கிறேன். அதற்குள் பாதிப் புத்தகம் அச்சாகி அடுக்கியாயிற்று.

அது மட்டும் என்றால் இன்னொரு தாளில் இன்னொரு கையெழுத்து வாங்கியிருப்பேன். அதே வாரம் உன் அத்தையிடமிருந்து தொலைபேசி. ஆக்லாந்தில் ஒரு பெரிய பதிப்பகத்துக்கு அவள் முன்பு எப்போதோ அனுப்பியிருந்தாளாம், இப்போது அவர்கள் புத்தகத்தைக் கேட்கிறார்களாம், நம் மொழியிலும் ஆங்கிலத்திலும். "உங்களுக்குக் கையெழுத்துப் போட்டாச்சே, அதனால முடியாதுன்னு எழுதிடட்டுமா லோசா?" என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் நாக்கில் அந்தச் சொல் வந்து நின்றது, மகளே, பொய் சொல்ல மாட்டேன். அடுப்பில் தேங்காய்ப்பால் பொங்குகிறது அண்ணி என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதற்கும் சேர்த்துப் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அக்கா நல்லா இருக்கட்டும். அவங்ககிட்ட ஒண்ணைக் கேக்குற இடத்துல நான் இல்ல. நீ போய் உள்ளதச் சொல்லிட்டு வா" என்றார். பிறகு ஒரே அலமாரியை மூன்று தடவை துடைத்தார்.

வியாழக்கிழமை படகில் போனேன். அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி எழுதினால் உனக்கும் வாந்தி வரும், விடு. உன் அத்தை முற்றத்தில் தாழை ஓலைகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து, அண்ணி, நம்ம தாளு செல்லாது என்று சொல்லி, தேதியைச் சொன்னேன். முதலில் விரல் விட்டு எண்ணினாள். பிறகு கோழிகள் சிதறி ஓடும்படி ஒரு சிரிப்பு. "ஞாயித்துக்கிழமையா! முன் வரிசைல உக்காந்து விசிறிக்கிற பொம்பளைங்க ரெண்டு பேரு! போதகருக்குத் தெரிஞ்சா உன்னையும் என்னையும் பின் வரிசைக்குத் தள்ளிடுவாருடி!" என்றாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே, ஏன் சொன்னே?" என்றாள். தெரிந்துகொண்டு சும்மா இருந்தால் ராத்திரி ஜெபத்தில் என்ன சொல்வது அண்ணி என்றேன். ரொம்ப நேரம் ஓலையைத் திருப்பிப் போட்டாள். "என் தம்பி என்ன சொன்னான்?" என்று கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "அது மரியாதை. மரியாதையா நான் கேட்டேன்? கதையைப் பத்தி என்ன சொன்னான்?" என்றாள். அவளே எழுந்து போய் ஆக்லாந்திலிருந்து வந்த கடிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "பாரு, மூணு பக்கம். முன்னே பின்னே பாத்திராத ஒரு வெள்ளைக்காரி என் கதையைப் பத்தி மூணு பக்கம் எழுதியிருக்கா. ஊரான் புத்தகத்துல ஒரு கால்புள்ளிக்கு ஒரு வாரம் சண்டை போடுறவன், என் புத்தகத்தை மட்டும் கண்ணை மூடிட்டு அச்சடிக்கிறான். நாலு வருஷம் எழுதினேன் லோசா. அந்தத் துறைமுகம் யாருக்குத் தெரியும்? எங்க அப்பா அதுல வர்றாரு, அவரைத் தெரிஞ்ச உசிரு அவனை விட்டா இன்னும் யார் இருக்கா?" என்றாள். திங்கட்கிழமை நகரத்துக்கு வருகிறேன், அன்று பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். கூடவே ஒரு சாக்குக் கிழங்கு.

அன்று மாலையே திரும்பி வரும்போது படகில் எனக்கு வாந்தி வரவில்லை, யோசனையில் இருந்தேன். வந்து சொன்னதும் அப்பா, "எப்படிப் படிக்கிறது? முத்தம் இருக்குன்னு நீதானே சொன்னே!" என்று எழுந்தே விட்டார். அவசரப்பட்டு ஓடாதீங்க என்று சொல்லிவிட்டு, அச்சான தாள்களையும் இன்னும் அச்சில் ஏறாத பக்கங்களின் திருத்தப் படிகளையும் மடித்து நானே ஒரு பிரதி தைத்தேன். வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்கவில்லை. மடிப்பு மடிப்பாக, ஓரம் பிரிக்காமல் இருந்ததைச் சமையல் கத்தியால் நானே ஒவ்வொன்றாகப் பிரித்தேன், ஏழாம் அத்தியாயத்தையும் பதினொன்றாம் அத்தியாயத்தையும் தவிர. அந்த இரண்டையும் மூடிய மடிப்போடே விட்டு, எட்டிப் பார்த்த பக்கங்களை மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டினேன். இப்போ படிக்கலாம், உங்க கண்ணுல படக்கூடாத ஒரு வரியும் இதுல திறந்து இல்ல என்று மேஜையில் வைத்தேன். அவர் புத்தகத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார், ஒட்டிய இடத்தை விரலால் அழுத்திச் சோதித்தார். பிறகு கடைக் கதவைச் சாத்தினார். வெள்ளி பகலும் சனி பகலும் படித்தார். வள்ளிக்கிழங்கு நாட்காட்டி வாங்க வந்த நாலு பேரைத் திருப்பி அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது, அதற்கு மட்டும் நான் கோபித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை நான் எடுத்துப் பூட்டிவைத்தேன், இனி ஒரு தப்பு இந்த வீட்டில் வேண்டாம்.

திங்கட்கிழமை உன் அத்தை சபைக்குப் போவதுபோல் புதுத் தாழைப் பாயை மரியாதைக்கு இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆக்லாந்துக் கடிதத்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் கடையின் முன்பக்கம் நாற்காலியில், அப்பா திரைக்குப் பின்னால் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில், நான் திரையைப் பிடித்துக்கொண்டு நடுவில். இரண்டு பேரும் என்னிடம்தான் பேசினார்கள், ஆனால் சந்தைவரை கேட்டிருக்கும். அப்பா ஆரம்பித்தார், "லோசா, அக்காகிட்ட சொல்லு, அந்த வருஷத்துல துறையில மின்விளக்குக் கிடையாது, நாப்பத்தி மூணாம் பக்கம் தப்பு." அத்தை, "அவனுக்கு அப்ப ஆறு வயசு, மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சான், அவனுக்கு என்ன தெரியும்னு கேளு" என்றாள். "சுங்க அதிகாரி ரொம்பப் பேசுறான், அவன் பேச்சைப் பாதியாக் குறைக்கலாம்னு சொல்லு." "அந்த ஆளு நெசமாவே அப்படித்தான் பேசுவான்னு சொல்லு." கால்புள்ளிக்கு வந்தார்கள். கால்புள்ளியிலேயே அரைமணி போனது. பிறகு அப்பா தயங்கித் தயங்கி, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகியான அந்த டீச்சர் ஏன் திடீரென்று வேலையை விட்டுவிட்டு அழுகிறாள், குடை தொலைந்ததற்கா என்று கேட்டார். உன் அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்தாள். ஒட்டிய பக்கங்களைப் பற்றி அப்போதுதான் நான் அவள் காதோடு சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலி ஆடச் சிரித்தாள். "ஆமான்னு சொல்லு. குடை தொலைஞ்சதுக்குத்தான்னு சொல்லு. ரொம்ப நல்ல குடைன்னு சொல்லு" என்றாள். அப்பாவும் திரைக்குப் பின்னால் சிரித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் குரலைத் தாழ்த்தி, "கதை எப்படி இருக்குன்னு கேளு" என்றாள். நான் திரையை விலக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அப்பா சொன்னார், "அக்காகிட்ட சொல்லு. புயலுக்கு அப்புறம் எங்க அப்பா தலையில அரிசி மூட்டையோட தண்ணியில நடந்து வர்ற எடம் இருக்கே. அதை நாலு தடவை படிச்சேன். அஞ்சாவது தடவை முடியல. அவர் நடை எனக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சிருந்தேன்னு சொல்லு."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன் அத்தை கைப்பையைத் திறந்தாள், கண்ணாடியைப் போட்டாள், பேனாவுக்குக் கை நீட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, தேதியை நான் எழுதப் போனபோது என் கையைத் தட்டிவிட்டு, தானே 'திங்கட்கிழமை' என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டாள். ஆங்கிலத்தில் போட மட்டும் ஆக்லாந்துப் பெண்மணிக்கு உரிமை, நம் மொழியில் நமக்கு. "அவளும் மூணு பக்கம் எழுதினாளே, பாவம்" என்றாள்.

மீதிப் பாதியும் இப்போது அச்சாகிக்கொண்டிருக்கிறது, இதை எழுதும்போதே மேஜை அதிர்கிறது, என் எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். முன்பதிவு நூற்று எழுபதைத் தாண்டிவிட்டது, எயுவாவிலிருந்து மட்டும் அறுபத்து மூன்று. உனக்கு ஒரு பிரதி தனியாக எடுத்துவைத்திருக்கிறேன், எல்லாப் பக்கமும் திறந்தது. அது வந்ததும் படித்துவிட்டு அத்தைக்கு உன் கையால் எழுது, தொலைபேசியில் நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடாதே, பக்கம் போட்டு எழுது. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. இருமல் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பார், சாக்குச் சொல்லாதே. உன் அறைத்தோழிக்கு என் அன்பைச் சொல். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வெளியீடு. போதகர் ஜெபம் செய்கிறார், பதிப்பாளர் என்ற முறையில் உன் அப்பா புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும், உன் அத்தை முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். இது காதல் கதை என்று சொல்லாமல் இதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று காலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதுவரை குடையைப் பற்றி மட்டும் நாலு நிமிஷம் எழுதியிருக்கிறார். உனக்கு ஏதாவது தோன்றினால் சீக்கிரம் எழுதி அனுப்பு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா லோசலினே
(அப்பாவும் முத்தங்கள் சொல்லச் சொன்னார், கை முழுக்க மை)