சத்தம் போடாத ஏலக்காய்

வண்டன்மேடு,
ஆவணி 12.

அன்புள்ள தம்பி தனபாலுக்கு,

அக்கா மாரீஸ்வரி எழுதுவது. இங்கே மழை விட்டு வெயில் வந்திருக்கிறது. உன் வீட்டுக்காரிக்கு மூட்டுவலி தேவலையா? விசாரித்தாகிவிட்டது, இனி என் கோபத்தைக் கேள்.

போன வாரம் போடிக் கடையில் ஆட்கள் முன்னால் உன் மச்சானை, அதுதான் என் வீட்டுக்காரரைப் பார்த்து, ஜோமோன் தோட்டத்து நல்ல காயையெல்லாம் ஈரம் என்று தள்ளி எதிர்க்கடைக்கு ஓட்டிவிட்டீர், அந்தக் கடைக்காரனுக்கு எத்தனை நாளாக வேலை பார்க்கிறீர் என்று கேட்டாயாமே. வண்டிச் சாவியைப் பிடுங்கிக் கடைப் பையன் மணிகண்டனிடம் கொடுத்தாயாமே. அவர் பேசாமல் நின்றதைத் திமிர் என்றாயாம். எல்லாம் மணிகண்டன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் முதுகுப் பக்கம் நின்று நீ பேசியதில் பாதி அவருக்குக் கேட்கவே இல்லை.

அவர் பையில் மிச்சமிருந்த அதே ஜோமோன் காயில் ஒரு கை அள்ளி அவர் காதோரம் குலுக்கினேன். எனக்குக் கலகலவென்று கேட்டது. ஈரம்தான், சத்தமே வரவில்லையே என்றார். காய்ந்த காய் குலுக்கினால் சத்தம் போடும், ஈரக்காய் போடாது. பதினெட்டு வருடம் தோட்டம் தோட்டமாகப் பைக்கில் போய், அந்தச் சத்தத்தை நம்பித்தானே உனக்குச் சாம்பிள் எடுத்தார்!

தேனியில் காது டாக்டர், மில்லில் வேலையா என்று கேட்டார். இல்லை, பைக்கில் என்றேன். வேகத்தில் ஹெல்மெட்டைச் சுற்றி அடிக்கும் காற்றின் இரைச்சல் இன்ஜின் சத்தத்தையே அமுக்கிவிடுமாம். வருடக்கணக்கில் கேட்டால் மெல்லிய சத்தங்கள் முதலில் போய்விடுமாம். போனது திரும்பாதாம்.

நம்பிக்கை இல்லையென்றால், கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கம்பம் ரோட்டில் எண்பதில் போகச் சொல்லி, பின்சீட்டிலிருந்து ஃபோன் பேசிப் பார். பத்து மணிக்குள் சாம்பிள் வரவேண்டும் என்று தினமும் விரட்டியது யார்? உன் கடைப் பெயர் அச்சடித்த, முகம் மூடாத ஹெல்மெட்டைத் தீபாவளிக்குக் கொடுத்தது யார்? காற்றைப் பற்றி உனக்குத் தெரியாது, சரி. முப்பது வருடம் டீச்சராக இருந்த நானும், டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார் என்று திட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் துரோகி என்று நான் சொல்லவில்லை தம்பி.

மணிகண்டனுக்கு இருபத்திரண்டு வயதுதான். டாக்டர் சொன்ன காதடைப்பான் ஒரு ஜோடி இத்துடன் இருக்கிறது. ஹாரன் கேட்கும், காற்று குறையும் என்றார். அதைப் போடாமல் அவனை வண்டி எடுக்கவிடாதே.

உன் மச்சான் இப்போது ஏலக்காயைத் தொடுவதே இல்லை. நீ வா. கடை ஆட்களையும் கூட்டிக்கொண்டு வா. சொன்னது தப்பு என்று சொல். ஃபோனில் வேண்டாம். வெளிச்சத்தில், அவர் எதிரே நின்று, நிதானமாகச் சொல். உன் உதடு அவருக்குத் தெரியவேண்டும்.

நீ நல்லா இருக்கணும்.

உன் அக்கா,
மாரீஸ்வரி