பயமில்லை என்று நான் சொன்னது

மண்ணுக்குள் போன பிறகும் என்னோடு கதைத்துக்கொண்டிருக்கிற என் மச்சான் பிலிப்புவுக்கு,

நீ போனபின் இரண்டாவது மரித்தோர் திருநாளும் வந்து போய்விட்டது. கண்டக்குழிச் சேமக்காலையில் எல்லாக் கல்லறையிலும் மெழுகுதிரி எரிந்தது. உன்னுடையதில் நான்தான் கொளுத்தினேன். என் தங்கச்சி, உன் பெண்சாதி மதலேனா, இந்த முறையும் வரவில்லை. செத்தவன் மேல் இரண்டு வருஷமாய்க் கோபம் வைத்திருக்கிறாளே என்று ஊர் அவளைத்தான் ஏசுகிறது.

அந்தக் கோபத்துக்குரிய ஆள் நீ இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடல் அளக்கிற துரைக்கு இப்போதும் நான்தான் கிளாக்கர், மொழிபெயர்க்கிறவனும் நான்தான். சுவாமிமாரிடம் படித்த இங்கிலீசு நன்றாகச் சோறு போடுகிறது. இந்த வெள்ளைக்காரர் பயத்தோடு பழகுகிற விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தேத்தண்ணி ஆறிப்போனாலும் துரை 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்றுதான் தொடங்குவார். பயப்படுகிறேன், தேத்தண்ணி ஆறிவிட்டது. தபால் வராவிட்டாலும் பயப்படுவார். பல்லிக்கு உண்மையாகவே பயம். அதைச் சாப்பாட்டு மேசையில் சிரித்துச் சிரித்துச் சொல்வார். திடுக்கிடுவதற்கு ஒரு சொல், கூட்டமாய்ச் சிதறி ஓடுகிற பயத்துக்கு ஒன்று, நாள்கணக்காய் நெஞ்சில் கிடந்து அரிக்கிற பயத்துக்கு இன்னொன்று. ஒரு அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை எடுத்துப் போட்டாலும் அவர்கள் மரியாதை குறைவதில்லை.

நமக்கும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அச்சம், கிலி, நடுக்கம் எல்லாம் உண்டு. ஆனால் நம் கரையில் அவை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். ஆம்பிளைக்குக் கோயிலில் மட்டும் பயம் இருக்கலாம்; தேவபயம் உள்ளவன் என்றால் பெருமை. கடலுக்குப் பயம் என்று வாய்விட்டவனைப் பிறகு யாரும் வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். அதனால் 'மனசு ஒப்பல்ல' என்கிறோம். கேட்கிறவனுக்கும் விளங்கும், அவனும் மேலே கேட்கமாட்டான்.

அன்றைக்குச் சோளகக் காற்று ஏறிக் கடல் பொங்கியிருந்தது. முதல்நாள் கடலில் போட்ட மிதவைகளைக் கழற்றி வரும்படி துரை, தன் வள்ளக்காரனான உன்னிடம் சொல்லச் சொன்னார். நீ என்னிடம் மெதுவாகச் சொன்னாய்.

"மச்சான், எனக்கு இன்டைக்கு மனசு ஒப்பல்ல எண்டு துரைட்ட சொல்லு."

சொன்னேன். துரை உன் முகத்தைப் பார்த்தார். அவன் பயப்படுகிறானா என்று என்னைக் கேட்டார். கேலி இல்லை, மச்சான். காய்ச்சலா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார். சுற்றிவர ஆட்கள் வலை காயவிட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தனும் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை, ஒருத்தனும் பயம் என்று சொல்லவும் இல்லை. அவர்கள் முன்னால் என் தங்கச்சி புருஷனைப் பயந்தாங்கொள்ளி ஆக்குவேனா? "நோ சேர், நொட் அஃப்ரெய்ட்" என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். நின்றேனா? உன் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நீ பயந்திட்டியா எண்டு துரை கேக்கிறார்."

நீ சாரத்தை மடித்துக் கட்டி வள்ளத்தைத் தள்ளினாய். கூட ஏறியவனையும் நீயே இறக்கிவிட்டாய். மூன்றாம் நாள் மாம்புரிக் கரையில் உன்னை எடுத்தோம்.

இந்த வருஷச் சோளகத்தில் கொழும்பிலிருந்து ஒரு இளம் வெள்ளைக்காரன் துரைக்கு உதவியாள் என்று வந்தான். அதே மாதிரிக் கடல். இதைப் பார்க்கவே நடுங்குகிறது, தன்னால் முடியாது என்று நேராகத் துரையிடம் சொன்னான். துரை அவன் தோளில் தட்டி, வேலையை நிறுத்தி, தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நான் பக்கத்தில் குறிப்புக் கொப்பியோடு நின்றேன். உனக்கும் இரங்கியிருப்பாரா? கறுப்பனின் பயத்துக்கும் அங்கே மதிப்பு இருந்திருக்குமா? எனக்குத் தெரியாது. அதை அறிய விடாமல் செய்தவன் நான்.

போன கிழமை மதலேனா அடுப்படியில் நின்று சொன்னாள்.

"அண்டைக்குக் கடலுக்குப் போகமாட்டன் எண்டு என்ட தலையில கை வச்சுச் சொல்லிட்டுப் போனவர், அண்ணன். வெள்ளக்காரனக் கண்டதும் என்னை மறந்திட்டார்."

இரண்டு பாஷை பேசுகிற வாய் எனக்கு. அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழும்பி வந்தேன். தூ என்று என் முகத்தில் நானே துப்பலாம் போலிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவளிடம் போகிறேன். துரைக்குச் சொன்னதையும் உனக்குச் சொன்னதையும் ஒரு சொல் மாற்றாமல் சொல்லுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். அவளுக்கு என்னை விட்டால் அண்ணன் தம்பி இல்லை, எனக்கும் அவளை விட்டால் யாரும் இல்லை. கதவைச் சாத்தினால் சாத்தட்டும். அடுத்த திருநாளுக்கு உன் கல்லறையில் அவள் கையால் திரி எரியும். நான் சேமக்காலைப் படலைக்கு வெளியே நிற்பேன்.

ஞாயிறு வரைக்கும் அவளுக்கு அண்ணன்,
என்றைக்கும் உன் மச்சான்,
சவிரிமுத்து