முழங்கால் கொள்ளாத கார்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் என் புருஷன் ஹார்மென்தான் ஓட்டினான். ஓட்டினான் என்று சொல்வதா, உள்ளே மடங்கிக் கிடந்தான் என்று சொல்வதா? ஆறரை அடி மனுஷன். என் காரோ இரண்டு பேர் உட்காரும் பொடிசு. ஐந்தடி உடம்புக்கு அளவாக இருக்கிறதே என்று எனக்கே எனக்காக நான் பார்த்துப் பார்த்து வாங்கியது. கூரையை மூடினால் அவன் மண்டை துணியில் முட்டுகிறது. அதனால் மழையிலும் திறந்தே போகிறோம். ஸ்நேக் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். முதல் வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "கால் பாக்க வந்தியா, கால்வாயில விழுந்து எந்திரிச்சு வந்தியா?" என்றார்.

ஏப்ரலில் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தேனே, அன்றோடு சரி. ஆறு மாதம் மறுபடி வராமல் இருந்தால்தான் சாவி என் கைக்கு வரும் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அக்டோபர். அவனுடைய வேன் குளிர்காலத்திலேயே உயிரை விட்டது. கால்வாயில் படகு போகப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவனுக்கு இன்னொரு வண்டி எதற்கு என்று சும்மா இருந்துவிட்டோம். இப்போது இருப்பது இது ஒன்றுதான். நான் வீடு வீடாகப் போய் வயசானவர்களுக்கு நகம் வெட்டி, கால் ஆணி செதுக்கிப் பிழைக்கிறவள். வண்டி இல்லாவிட்டால் வேலையும் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

அவன் பாதத்துக்கு மூன்று பெடல் இடம் போதவில்லை. பிரேக்கை மிதித்தால் ஆக்சிலேட்டரும் சேர்ந்து அமுங்குகிறது. கடைத்தெருவில் வண்டி உறுமிக்கொண்டே நின்றது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனிமேல் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு ஓட்டுவானாம். ஓட்டட்டும்.

ஜூன் 14, சனி

லோல்கெயின் பட்டறைக்குப் போனோம். இந்தக் காருக்கு ஒன்றென்றால் அவன்தான் பார்ப்பான். ஹார்மெனை உள்ளே உட்கார வைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"அண்ணே, உங்களை இதுக்குள்ள ஏத்துறதை விட, இதைத் தூக்கி உங்க மேல வைக்கிறது சுலபம்" என்றான்.

ஹார்மெனே சிரித்துவிட்டான். அப்புறம் லோல்கெ வழி சொன்னான். தொடை இடிக்காமல் இருக்கச் சின்ன ஸ்டீயரிங். முழங்காலில் குத்துகிற கண்ணாடி சுற்றும் கைப்பிடியை எடுத்துவிடலாம். இருக்கையின் ஸ்பஞ்சை வெட்டலாம். இதெல்லாம் ஒப்புக்குத்தானாம். உண்மையிலேயே கால் நீள வேண்டுமென்றால், இருக்கை முன்னே பின்னே நகர்கிற இரும்புத் தடத்தை, அதாவது ரயிலை, எடுத்துவிட்டு, தரையை வெட்டி, இருக்கையை நேராகத் தரையிலேயே முடுக்கிவிட வேண்டும். மூன்று விரல் தாழும், ஒரு சாண் பின்னால் போகும். ஆனால் அதன்பிறகு இருக்கை அசையாது. அதில் ஹார்மென் மட்டும்தான் ஓட்ட முடியும்.

"அது வேணாம். அக்டோபர்ல அவ ஓட்டணும்" என்றான் ஹார்மென். யோசிக்கக்கூட இல்லை.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன்.

ஜூன் 27, வெள்ளி

சின்ன ஸ்டீயரிங் வந்தாயிற்று. கைக்கு அடக்கமாக இருக்கிறது. நிற்கிற வண்டியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தேன். ஸ்பஞ்சை இரண்டு அடுக்கு வெட்டியிருக்கிறான், பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. எனக்கென்ன, ஒரு தலையணை போட்டுக்கொள்வேன்.

கிளம்பும்போது லோல்கெ ஒரு துடைப்பக் கட்டையைக் கொண்டுவந்தான். அதை முன்கண்ணாடியின் விளிம்பிலிருந்து இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு வளைவு வரை வைத்தான். தலை அந்தக் கட்டைக்குக் கீழே இருக்க வேண்டுமாம். வண்டி கவிழ்ந்தால் கட்டைக்கு மேலே இருப்பதெல்லாம் ரோட்டுக்குத்தான். ஹார்மென் தலை இன்னும் இரண்டு விரல் மேலே நிற்கிறது. கூன் போட்டு உட்கார்ந்து, "இப்ப சரியா?" என்கிறான். அறுபது வயசு ஆளுக்கு இது தேவையா? ரயிலை எடுத்தால் தீர்ந்தது என்று லோல்கெ மறுபடியும் சொன்னான். ஹார்மென் சாவியைத் திருகினான்.

ஜூலை 8, செவ்வாய்

அவனுக்கு வலது முழங்கால் பன் மாதிரி வீங்கிவிட்டது. ஐஸ் வைத்தேன். கால் விரல்கள் மரத்துக்கிடக்கின்றன, நான் கிள்ளியது தெரியவே இல்லை. ஊரான் காலுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறேன், சொந்த வீட்டுக் கால் இப்படி.

ரயிலைக் கழற்றச் சொல்லிவிடு, என் பாட்டை அக்டோபரில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றான். இதை விற்றுவிட்டு வேறு பெரிய வண்டி வாங்கலாம் என்றேன். அதற்கும் வேண்டாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் மேல் உள்ள பிரியம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிரியத்துக்கும் ஒரு அளவு இல்லையா? இது வெறும் வீம்பு.

ஜூலை 9

பேசவில்லை. அவனும் பேசவில்லை.

ஜூலை 25, வெள்ளி

இப்போது புதுப் பழக்கம். முன்பெல்லாம் காரிலேயே காத்திருப்பான். இப்போது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கூடவே வந்து, எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற காபியைக் குடித்து, பிஸ்கட் டப்பாவையும் காலி பண்ணுகிறான். எனக்கு மானம் போகிறது. வண்டியில் உட்கார்ந்தால் கால் வலிக்கிறதாம். சரி, அது உண்மைதான். ஆனால் என் கையையே ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறான்? நானென்ன நேற்றா வேலை பழகினேன்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று நூலிழையில் தப்பித்தோம்.

பாலத்தைத் தாண்டின வளைவில் அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. முழங்கால் ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. எதிரே சைக்கிளில் ஒரு பெண். நான்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அவள் திட்டிவிட்டுப் போய்விட்டாள். நன்றாகத் திட்டட்டும்.

ஓரமாக நிறுத்திவிட்டுக் கத்தினேன். கார் என்னோடது, நான் சொல்றேன், அந்தப் பாழாப்போன ரயிலைக் கழட்டு, யாரையாவது கொல்லப்போறியா என்று. அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. "மாட்டேன்" என்றான். அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர். முப்பத்து மூன்று வருஷத்தில் அவன் அம்மா சாவுக்குத்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஒரு இருக்கைக்கு யாராவது அழுவார்களா? எனக்கு எதுவோ பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

பொப்மா அம்மாள் வீட்டில் இருந்தேன். தொண்ணூறைத் தாண்டியவர், பாதத்தில் தோல் காகிதம் மாதிரி. ஹார்மென் வண்டியை நிழலில் விட வெளியே போயிருந்தான். நான் கட்டைவிரலைப் பிடித்தபடி இருந்தேன், அடுத்து பார்த்தால் ஹார்மென் என் பக்கத்தில் குனிந்து நிற்கிறான், என் கத்தி அவன் கையில். எப்போது உள்ளே வந்தான்? கதவு சத்தமே கேட்கவில்லையே என்று கேட்டேன்.

பொப்மா அம்மாள்தான் சொன்னார். "போன தடவையும் இப்படித்தாம்மா. அப்படியே நின்னுட்டே. கூப்பிட்டா காதுல விழல. உன் வீட்டுக்காரர்தான் கத்தியை மெல்ல வாங்கினாரு. உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. எப்படிப் பையை எடுத்தேன், எப்படி வண்டிக்கு வந்தேன், தெரியாது. உள்ளே உட்கார்ந்து அவனிடம், இதுவரை எத்தனை தடவை என்று கேட்டேன்.

"எண்ணலை."

"எப்பலேர்ந்து?"

"மே மாசம். பத்து நொடி, இருபது நொடி. விழ மாட்டே. அப்படியே நின்னுட்டு, மறுபடி பேசுவே. உனக்கே தெரியாது."

அப்போ அக்டோபரில் சாவியைக் கொடுத்து என்னை ரோட்டில் விடுவதாக இருந்தாயா என்றேன். இல்லையாம், அதற்குள் சொல்லிவிடுவதாக இருந்தானாம். ஒவ்வொரு வாரமும் சொல்வதாகத்தான் இருந்தானாம். கத்தியோடு உட்கார்ந்திருந்தேனே, அந்த அம்மாள் கால் தோலில் ஒரு கீறல் விழுந்தால் ஆறுமா? நீ யார்டா எனக்கு மறைக்க? என் தலையில் நடப்பதை எனக்கே தெரியாமல் மூன்று மாதம் நீ வைத்திருந்தாயே.

அவன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு சொன்னான். "ரயிலைக் கழட்டியிருந்தா, நீ இனிமே ஓட்ட மாட்டேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருக்கும்."

அடிக்கலாம் போல இருந்தது. வீங்கின அந்த முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் கை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, கோபம் தீரவே இல்லை.

ஆகஸ்ட் 22

டாக்டருக்கு நானே போன் செய்தேன். மாத்திரையை மாற்றுகிறார். ஆறு மாதத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும், ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்றார். கத்தி, நகவெட்டி எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவைத்தேன். எல்லா வீட்டுக்கும் போன் செய்து இப்போதைக்கு வர முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். கால் தேய்த்துவிட, கிரீம் போட மட்டும் வாயேன் என்றார் பொப்மா அம்மாள். மற்றவர்கள் சரி என்று போனை வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

ஹார்மென் மாடியில் படுக்கிறான். நான் சொல்லவில்லை, அவனாகத்தான் போனான். இன்று காலை படியில் அவன் ஒரு காலை இழுத்து இழுத்து இறங்குகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். பிறகு லோல்கெக்குப் போன் செய்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

பட்டறைக்குள் ஹார்மென் வரவில்லை, வாசலிலேயே நின்றான். லோல்கெ இருக்கையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கட்டரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"வெட்டினா வெட்டினதுதான், அக்கா. பழையபடி வராது."

"வெட்டு" என்றேன்.

நின்று பார்த்தேன். தீப்பொறி அடங்கினதும் ரயில் இரண்டையும் எடுத்துச் சுவரோரம் சாத்தினான். இருக்கையைத் தரையோடு முடுக்கினான். ஹார்மெனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, துடைப்பக் கட்டையை வைத்துப் பார்த்தான். தலை கட்டைக்குக் கீழே நிற்கிறது. கால் முழுசாக நீள்கிறது. ஹார்மென் முழங்காலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

கொஞ்சம் இறங்கு என்றேன். இறங்கினான். நான் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்குக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. காலை நீட்டினேன், பெடல் எட்டவில்லை. எட்டாது என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

மழை தூற ஆரம்பித்தது. நான் இறங்கி, சுற்றிப் போய், அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். "கூரையை மூடு, ஹார்மென்" என்றேன். மூடினான்.